கடல்கடந்த தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய ஆய்வை எந்த ஆசியவியல் கருத்தரங்கில், எந்த ஆய்விதழில் முன்வைப்பது?

கேள்வி: முனிர்கா மாணவி

அனைவருக்கும் வணக்கம். டெல்லியில் கிழக்காசியவியல் துறை ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை தமிழ் வணிகக் குழுக்கள் தாய்லாந்து, சுமத்ரா, மியான்மர், தென்சீனம் ஆகிய இடங்களில் விட்டுச் சென்ற கல்வெட்டுகளே என் ஆய்வுப் பொருள். சுமத்ராவில் பாரூசுக்கு அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டையும், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் இயல் ஏறத்தாழ முடிந்துவிட்டது. அதைக் கட்டுரையாக்கி வெளியே கொண்டுவர நினைக்கிறேன்.

என் துறையில் சீனம் அறிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். தமிழ்க் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வரலாற்றுத் துறை நண்பர்களோ தென்னிந்தியக் கல்வெட்டுகளை நன்கு அறிந்தவர்கள், ஆனால் மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்துச் சீனம் என்றவுடன் தயங்கிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் அறிந்தவர்கள் அமர்ந்து கேள்வி கேட்கும் அரங்கு எது என்பதே என் முதற்கேள்வி. எந்த ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்பது அடுத்தது. "சர்வதேசக் கருத்தரங்கு" என்ற பெயரில் வாரந்தோறும் வரும் மின்னஞ்சல்களில் எதை நம்புவது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். கட்டுரையைத் தமிழிலும் வெளியிட எனக்கு ஆசை உண்டு. நெறியாளர் அதை வேண்டாத வேலை என்று கருதுகிறார்.

பதில்: மயூர் விஹார், ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்

அன்புள்ள மாணவிக்கு வணக்கம். நல்ல பொருளைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். கருத்தரங்குகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆய்விதழ்களைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஆசியவியலில் மிகப் பெரிய கூடுகை, 1941இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ஆசியவியல் சங்கம் ஆண்டுதோறும் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வட அமெரிக்க நகரம் ஒன்றில் நடத்தும் மாநாடு. அதற்கான முன்மொழிவுகள் முந்தைய ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட் வாக்கிலேயே முடிந்துவிடும் என்பதால், இன்று நினைத்து நாளை அனுப்பக்கூடிய மாநாடு அன்று அது. அதே சங்கம் 2014இல் சிங்கப்பூரில் தொடங்கி ஆசிய நகரங்களில் தனி மாநாடு ஒன்றையும் நடத்தி வருகிறது. அது 2018இல் நம் டெல்லியிலேயே நடந்தது. 2025இல் காட்மாண்டுவில் நடந்தது. பயணச் செலவு குறைவு என்பதோடு, தென்கிழக்காசிய அறிஞர்கள் எளிதில் வந்து சேரும் இடங்களில் நடப்பதால் உங்கள் பொருளுக்கு இதுவே நெருக்கமானது என்பது என் கருத்து.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உள்ள ஆசியவியல் ஆய்வு நிறுவனத்தின் முயற்சியில் 1997இல் உருவான உலக ஆசியவியலாளர் மாநாட்டையும் கவனியுங்கள். 2024இல் அது இந்தோனேசியாவின் சுரபாயாவில் நடந்தது. ஆசிய நாட்டினருக்கு அங்கே கிடைக்கும் இடமும் மரியாதையும் அதிகம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையாக வழங்கிய செப்பேடுகள் உலக ஆய்வாளர்களிடையே லெய்டன் செப்பேடுகள் என்றே அறியப்படுவதை நீங்கள் அறிவீர்கள். சோழர், ஸ்ரீவிஜயம், கடல் வணிகம் என்று பேசினால் தலையசைத்துக் கேட்பவர்கள் அந்த வட்டத்தில் உண்டு. தெற்காசியவியலுக்கென ஐரோப்பிய மாநாடு ஒன்று இரண்டாண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. 2025இல் அது ஹைடல்பெர்க்கில் நடந்தது. அங்கே முதலில் அமர்வுகளை அறிவிப்பார்கள். பிறகு அந்தந்த அமர்வுக்கு நாம் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப வேண்டும். அமர்வுப் பட்டியலைப் படித்துவிட்டுப் பொருந்தாவிட்டால் விட்டுவிடலாம், கட்டாயமில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. தனிக் கட்டுரையாக அனுப்பாதீர்கள், அமர்வாக அனுப்புங்கள். தனிக் கட்டுரைகளை அமைப்பாளர்கள் கிடைத்த இடத்தில் சேர்த்துவிடுவதால், உங்கள் கட்டுரைக்கு முன்னும் பின்னும் தொடர்பற்ற பொருள்கள் அமைந்து, கேள்வி நேரம் முழுவதும் வேறு திசையில் போய்விடும். யுவான் காலத் துறைமுகங்களை ஆய்பவர் ஒருவர், இந்தோனேசியத் தொல்லியலாளர் ஒருவர், தமிழ்நாட்டு வணிகக் குழுக் கல்வெட்டுகளை அறிந்தவர் ஒருவர், நீங்கள் என நால்வர் சேர்ந்து ஓர் அமர்வை முன்மொழிந்தால், நீங்கள் தேடும் அரங்கை நீங்களே அமைத்துவிடுகிறீர்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதத் தயங்க வேண்டாம். இந்தப் பொருளில் வேலை செய்பவர்கள் உலகம் முழுவதும் சிலரே என்பதால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பதில் எழுதுவார்கள்.

வெளிநாட்டுப் பயணத்திற்கு இந்திய வரலாற்று ஆய்வுக் கழகத்திலும் சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்திலும் நல்கை பெற வழி உண்டு. விசாவுக்கான காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

பதில்: கரோல் பாக், பல்கலைக்கழக நூலகர்

மாணவிக்கு வணக்கம். ஆய்விதழ்களைப் பற்றி எழுதுமுன் விதிமுறை பற்றி ஒரு செய்தி. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட முனைவர் பட்ட விதிகளில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் நீக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்களின் கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென விதி வைத்திருக்கலாம். துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் போய்விட்டதால் ஆய்விதழின் தரத்தை எடைபோடும் பொறுப்பு இப்போது ஆய்வாளர் தலையிலும் துறையின் தலையிலும் விழுந்திருக்கிறது. அவசர அவசரமாக வெளியிட வேண்டிய நெருக்கடி குறைந்திருப்பது உங்களைப் போன்றவர்களுக்கு நன்மையே.

டெல்லியிலிருந்து வருபவற்றில், சீனவியல் நிறுவனத்தோடு தொடர்புடைய 'சைனா ரிப்போர்ட்' ஆய்விதழையும், 1963 முதல் வெளிவரும் இந்தியப் பொருளாதார, சமூக வரலாற்று ஆய்விதழையும் முதலில் பாருங்கள். முன்னதில் சீனத் தரப்பை நன்கறிந்தவர்கள் மதிப்பாய்வு செய்வார்கள். பின்னதில் வணிக வரலாறு அறிந்தவர்கள். வெளிநாட்டு ஆய்விதழ்களில் உங்களுக்கு மிகவும் பொருந்துபவை பாரிஸிலிருந்து வரும் 'ஆர்ச்சிபெல்', பிரெஞ்சுத் தூரகிழக்குப் பள்ளியின் ஆய்விதழ் ஆகிய இரண்டும் என்பேன். லோபு துவாவில் பிரெஞ்சு, இந்தோனேசிய அறிஞர்கள் சேர்ந்து அகழாய்வு நடத்தியதையும், அதன் முடிவுகள் 'ஆர்ச்சிபெல்' வட்டத்து வெளியீடாகவே வந்ததையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். இரண்டிலும் ஆங்கிலக் கட்டுரைகளை ஏற்கிறார்கள். அமெரிக்கச் சங்கத்தின் ஆசியவியல் ஆய்விதழ் புகழ் மிக்கதுதான். ஆனால் பல துறையினரும் படிக்கும் இதழ் அது. கல்வெட்டின் வரிவரியான வாசிப்பை விரிவாக அச்சிட நினைப்பவர்களுக்கு அங்கே இடம் குறைவு. முதற்கட்டுரைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்னஞ்சல்களைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் நூலகத்துக்கு மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் அழைப்புகளில் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது: ஒரே நாளில், ஒரே விடுதியில் ஆசியவியல், மேலாண்மை, செவிலியர் கல்வி, கணினி அறிவியல் அனைத்துக்கும் சேர்த்து ஒரு மாநாடு, சுருக்கம் அனுப்பி இரண்டு மூன்று நாளில் ஏற்பு, ஏற்புக் கடிதத்திலேயே கட்டணம் செலுத்தும் இணைப்பு, கூடவே "எங்கள் ஆய்விதழில் வெளியீடு உறுதி" என்ற வாக்குறுதி. மதிப்பாய்வே நடக்காத இடத்தில்தான் வெளியீட்டை முன்கூட்டியே உறுதி சொல்ல முடியும். உண்மையான மாநாடுகளும் பதிவுக் கட்டணம் வாங்கும் என்பதால் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நடத்தும் சங்கம் எது, முந்தைய ஆண்டு நிகழ்ச்சிநிரல் கிடைக்கிறதா, அதில் பேசியவர்களின் கட்டுரைகள் பிறகு எங்காவது வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆய்விதழ் என்றால் ஆசிரியர் குழுவில் பெயருள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குச் சென்று, அவர் அந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று சரிபாருங்கள். சந்தா முறையில் வெளிவரும் ஆய்விதழ்கள் பொதுவாக ஆசிரியரிடம் பணம் கேட்பதில்லை. கட்டுரை அனைவருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தால்தான் பெரும் தொகை வரும்.

பதில்: ஆர்.கே.புரம், கல்வெட்டு ஆர்வலர்

தங்கைக்கு வணக்கம். தமிழில் வெளியிடுவது வேண்டாத வேலை என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. சுவான்சௌ கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சக ஆண்டு 1203 (அதாவது 1281), சித்திரை மாதம், சம்பந்தப் பெருமாளான தவச்சக்கரவர்த்திகள் உடையார் திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளிவித்தார் என்றும், அது செகசைகான் திருமேனி நன்றாகும்பொருட்டு என்றும், அவர் பர்மான்படி, அதாவது அரசாணைப்படி, என்றும் அதில் இருக்கிறது. அடியில் ஒரு வரி சீன எழுத்து. மங்கோலிய ஆட்சியில், சைவக் கோயில் ஒன்றில், பாரசீகச் சொல்லைத் தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். பாரூசுக் கல்லிலோ திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் பெயர் வருகிறது. இந்த வாசகங்களில் ஓர் எழுத்தை நீங்கள் மாற்றிப் படித்தால், அது சரியா என்று சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூரிலும் புதுச்சேரியிலும் சென்னையிலும்தான் இருக்கிறார்கள். அவர்கள் கையில் தவறாமல் போய்ச் சேரும் இதழ் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்'. கல்வெட்டின் மூலபாடம், வாசிப்பு, ஒளிப்படம் ஆகிய மூன்றையும் தமிழில் முதலில் அங்கே வெளியிடுங்கள்; அந்த வாசிப்பின் மேல் நின்று எழும் வரலாற்று விவாதத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள். உள்ளடக்கம் வேறு என்பதால் ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் வெளியிட்ட குற்றச்சாட்டும் எழாது.

உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றியதே இந்த ஊரில்தான் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1964 ஜனவரியில் கீழைநாட்டியல் அறிஞர்களின் 26ஆவது உலக மாநாடு புதுடெல்லியில் கூடியபோது, அதற்கு வந்த தமிழறிஞர்கள் தனிநாயகம் அடிகளின் முன்முயற்சியில் ஒன்றுகூடி அதைத் தொடங்கினார்கள். 1966இல் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார்கள். ஆசியவியலும் தமிழியலும் ஒரே கூரையின்கீழ் பேசிய ஊரில், இன்று சீனத் துறையும் தமிழ்த் துறையும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகுமுன் இங்கேயே ஒரு வாசிப்பு அமர்வு நடத்துவோம். ஒரு பிற்பகல் போதும். கல்லின் மேல் தாளை ஒற்றி எடுத்த மைப்படியைத் திரையில் காட்டி வரிவரியாகப் படிக்கலாம். சீன வரிக்கு உங்கள் துறையினரை அழைத்து வாருங்கள்.

முனிர்கா மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அமர்வாக முன்மொழியும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஆர்.கே.புரம் ஐயா சொன்னதில் ஒரு விளக்கம் வேண்டும்: 'ஆவணம்' இதழில் மூலபாடம் வந்துவிட்டால், ஆங்கில ஆய்விதழின் மதிப்பாய்வாளர்கள் "இதில் புதியது என்ன" என்று கேட்க மாட்டார்களா?

கரோல் பாக், பல்கலைக்கழக நூலகர்:

கேட்கலாம். அதனால் ஆசிரியருக்கு எழுதும் முகப்புக் கடிதத்திலேயே, வாசிப்பு தமிழில் தனியே வெளிவந்திருக்கிறது, இக்கட்டுரை அதை ஆதாரமாகக் கொண்டு வணிகக் குழுக்களின் அமைப்பைப் பற்றி வாதிடுகிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தமிழ்க் கட்டுரையின் படியையும் இணையுங்கள். வெளிப்படையாகச் சொன்னதற்காகக் கட்டுரை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மறைத்தது பின்னால் தெரியவந்தால்தான் சிக்கல்.

மயூர் விஹார், ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்:

அமர்வு முன்மொழிவுக்கு ஒரு பக்க வரைவு எழுதி இங்கே பதியுங்கள். தென்கிழக்காசியத் தொல்லியல் தரப்பில் யாருக்கு எழுதலாம் என்று அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன். ஆர்.கே.புரம் நண்பர் சொன்ன வாசிப்பு அமர்வுக்கு நானும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையாக வைத்தால் வசதி.