.38-55 கருமருந்துத் தோட்டா: நாலாவது குண்டு குறுக்கே விழுது. மான் சீசனுக்குள் சரியாகுமா?

மணல்மேட்டான் (ஓஹாயோ)

எல்லாருக்கும் வணக்கம். 1897-ல் செய்த வின்செஸ்டர் 1894 மாடல் ரைஃபிள் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. 26 அங்குல எண்கோணக் குழல், .38-55 தோட்டாவுக்கானது. கூட வேலை பார்த்த பெரியவர், முட்டிவலியோட இனி காட்டுக்குப் போக முடியாதுன்னு கொடுத்தார். தாங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்குற துப்பாக்கி சீசனுக்கு இதைத்தான் எடுத்துட்டுப் போகணும்னு ஆசை, அதுவும் கருமருந்தில் (புகை கக்குற பழைய காலத்து வெடிமருந்து).

பிரச்சினை இதுதான். 50 கஜத்தில் முதல் ரெண்டு குண்டு உள்ளங்கை அகலத்துக்குள் விழுது. மூணாவது விலகுது. நாலாவதிலிருந்து அட்டையில் வட்டமான துளையே இல்லை, நீளமா கிழிச்சிருக்கு. குண்டு பக்கவாட்டில் போய் அடிச்சிருக்குன்னு பார்த்தாலே தெரியுது. அதுக்குள்ள தோட்டா மாத்துற லீவரும் இறுகிப்போகுது.

குண்டு: 255 கிரெய்ன் (குண்டும் மருந்தும் நிறுக்கிற சின்ன எடை அளவு) தட்டை மூக்கு ஈயம், கடையில் பெட்டியா வாங்கினது. பெட்டியில் 0.376 அங்குலம்னு போட்டிருக்கு. குண்டைச் சுத்தியிருக்கிற பள்ளத்தில் நீலக் கலர் கெட்டி மெழுகு. மருந்து 2எஃப் (மணியோட பருமன்), 40 கிரெய்ன். ஸ்டார்லைன் கம்பெனியோட பித்தளைக் கேஸ் (தோட்டாவோட கூடு). மருந்து போட்ட பிறகும் கேஸில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கு.

குழல் தேஞ்சுபோச்சா? இல்ல மருந்தைக் கூட்டணுமா?

லேத்துக்காரர் (பென்சில்வேனியா)

தம்பி, முதல்ல அந்த மிச்ச இடம். கருமருந்துத் தோட்டாவில் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல காத்து இருக்கவே கூடாது. குழலில் வளையம் மாதிரி வீக்கம் விழும், மோசமானா வெடிக்கவும் செய்யும். கையில் இருக்கிற தோட்டாவையெல்லாம் பிரிச்சிடுங்க. இனி சுட வேண்டாம்.

அடுத்தது, குழல் தேஞ்சுதான்னு கேக்கிறதுக்கு முன்னாடி குழலோட அளவு என்னன்னு பாருங்க. பழைய .38-55 குழல்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. குழலுக்குள்ள வெட்டின சுருள் வரி, அதான் ரைஃப்லிங், பள்ளத்துக்குப் பள்ளம் 0.377 அங்குலம் இருக்கிறதும் உண்டு, 0.380 தாண்டுறதும் உண்டு. இப்போ கடையில் வர்ற குண்டு பலதும் சின்ன அளவுதான். 0.380 குழலில் 0.376 குண்டு போனா ரைஃப்லிங் அதை எங்கே பிடிக்கும்? பிடிக்கலைன்னா சுழலாது, சுழலலைன்னா உருளும்.

அளக்கிறது சுலபம். குழலைத் துடைச்சு லேசா எண்ணெய் தடவுங்க. தூண்டிலுக்குக் கட்டுற சுத்தமான ஈயக்குண்டு, குழலை விட ஒரு மயிரிழை பெரிசு, எடுத்து வாய்ப்பக்கம் வச்சு மரக்குச்சியால் தட்டி உள்ளே இறக்குங்க. இறங்கும்போதே எங்கே இறுகுது, எங்கே லொடலொடன்னு போகுதுன்னு கையில் தெரியும். வெளியே வந்ததும் மைக்ரோமீட்டரில் எதிரெதிரா இருக்கிற உயரமான பக்கங்களை அளங்க. வெர்னியர் வேண்டாம், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துல அது பொய் சொல்லும்.

ரேஞ்ச்ராஜா

கருமருந்துக்கு அடியில் ஒரு சிட்டிகை புகையில்லா மருந்து போட்டா கசடே வராது, எல்லாம் எரிஞ்சிடும். எங்க ரேஞ்சில் ஒருத்தர் அப்படித்தான் பண்றார்.

பழைய இரும்பு (மொன்டானா)

ரேஞ்ச்ராஜா, அதை 127 வயசுக்கு மேலான குழலில் பண்ணச் சொல்லாதீங்க. 1894 மாடல் முதலில் .32-40, .38-55-ன்னு கருமருந்துத் தோட்டாவுக்குத்தான் வந்தது. 1895-ல் .30-30 வந்தப்போதான் புகையில்லா மருந்துக்குன்னு நிக்கல் கலந்த எஃகுக் குழல் போட்டாங்க. இவர் கையில் இருக்கிறது அதுக்கு முந்தின மென்மையான எஃகாகவும் இருக்கலாம்.

இன்னொரு ஆபத்து, யாரும் சொல்லலை. கடையில் .375 வின்செஸ்டர்னு ஒரு தோட்டா இருக்கு, 1978-ல் வந்தது. கேஸ் கொஞ்சம் குட்டை, அதனால் .38-55 அறைக்குள் (குழலில் தோட்டா உக்கார்ற இடம்) சத்தமில்லாம நுழைஞ்சிடும். அழுத்தமோ கருமருந்துத் தோட்டாவைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. அந்தப் பெட்டி உங்க வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். லேத்துக்காரர் சொன்ன அளவு பாதி. மீதி ஈயமும் மெழுகும்.

நீங்க வாங்கினது புகையில்லா மருந்துக்கு வார்த்த குண்டு. ஆன்டிமனி கலந்த கெட்டி ஈயம். கருமருந்து பத்த வச்சதும் ஒரே இடியா பின்னாடி இடிக்கும். குண்டு மென்மையா இருந்தா அந்த இடியில் உப்பி, குழலை நிரப்பிக்கும். 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம், இல்ல 30-க்கு ஒண்ணு. நகத்தால் அழுத்தினா கோடு விழணும். உங்க குண்டில் நகம்தான் உடையும்.

அந்த நீல மெழுகு கருமருந்துக்கு ஆகாது. கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல திடப்பொருளா குழலிலேயே தங்கும். அதை ஈரமா, குழைவா வச்சிருக்கிறதுதான் மெழுகோட வேலை. தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலந்தது, இல்ல எஸ்பிஜி மாதிரி இதுக்குன்னே வர்றது வேணும். அதுவும் நிறைய வேணும். குண்டில் பள்ளங்கள் ஆழமா அகலமா இருக்கணும்.

ஒரு சோதனை சொல்றேன். நாலு சுட்டதும் துப்பாக்கியைக் காலி பண்ணி, குழல் வாயில் சுண்டுவிரல் நுனியை வச்சுப் பாருங்க. வாயைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி பிசுபிசுன்னு கறுப்பா ஈரம் படிஞ்சிருந்தா மெழுகு கடைசி வரைக்கும் வந்திருக்கு. வறண்டு, மணல் மாதிரி நறநறன்னா பாதி வழியிலேயே தீர்ந்துபோச்சு. 26 அங்குலக் குழலில் அந்தக் கடைசி ஒரு சாண்தான் ஆளைக் கவுக்கும்.

மணல்மேட்டான்

பிரிச்சாச்சு எல்லாத்தையும். ஈயம் தட்டிப் பார்த்தேன், 0.380 சுத்தமா வருது. வாய்ப்பக்கம் ஒரே மாதிரி இறுக்கம், நடுவில் எங்கேயும் லொடலொடக்கலை. ரைஃப்லிங் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்குச் சுட்டப்போ துடைக்க வச்ச துணி இன்னும் இருக்கு. அறைப்பக்கம் குழைவா கறுப்பு, வாய்ப்பக்கம் உலர்ந்த பொருக்கு. பழைய இரும்பு அண்ணன் சொன்னது அப்படியே.

அப்போ 0.381 குண்டு வாங்கிடலாமா? லீவர் ஏன் இறுகுது?

லேத்துக்காரர்

அவசரப்படாதீங்க. சில அறைகளோட கழுத்து இறுக்கம், பெரிய குண்டு வச்ச தோட்டா உள்ளே போகாது. சுட்ட கேஸ் ஒண்ணை அப்படியே, திருத்தாம எடுத்து, வாங்கப் போற குண்டை அதன் வாயில் போட்டுப் பாருங்க. தானா விழுந்தா அந்த அளவு பாதுகாப்பு. நின்னுட்டா ஓர் அளவு சின்னதா எடுத்து, 30-க்கு ஒண்ணு மென்மையில் வார்த்தா உப்பி சரியாகிடும். வேற வழி, கழுத்து மெல்லிசான பித்தளைக் கேஸ்.

கேஸ் நீளமும் பாருங்க. பழைய நீளம் 2.125 அங்குலம். இப்போ 2.080-ம் விக்குறாங்க. உங்க அறை பழைய நீளம், அதனால் 2.125 எடுத்தா குண்டு ரைஃப்லிங்குக்குக் கிட்ட உக்காரும். மருந்துக்கும் கொஞ்சம் இடம் கூடும்.

பழைய இரும்பு

லீவர் விஷயம்: கருமருந்தோட அழுத்தம் கம்மி. .44-40 கேஸ் கழுத்து காகிதம் மாதிரி மெல்லிசு, சுட்டதும் விரிஞ்சு அறையை அடைச்சிடும், புகை பின்னாடி வராது. அதனாலதான் 1873 வின்செஸ்டரை நாள் பூரா சுட்டாலும் உள்ளே சுத்தமா இருக்கும். .38-55 கேஸ் தடிமன். அடைக்காது, கரி பின்னாடி கசிஞ்சு, அறையை மூடுற போல்ட்டில் ஏறும். சுட்ட கேஸ் வெளிப்பக்கம் ஒரே பக்கமா கறுத்திருக்கும், கவனிச்சிருப்பீங்க. கேஸ் வாயைச் சூடுபண்ணி இளக்கினா பெருமளவு நிக்கும். வாய்ப்பகுதியை மட்டும். அடிப்பகுதி சூடேறவே கூடாது. தண்ணித் தட்டில் நிக்க வச்சுப் பண்ணுங்க.

மருந்து: பேரில் 55 இருந்தாலும் இப்போதைய பித்தளையில் 45, 48-ஐத் தாண்டுறது கஷ்டம். எடையைத் துரத்தாதீங்க. நீளமான குழாய் வழியா மெதுவா கொட்டுங்க, மருந்து தானா நெருங்கி உக்காரும். மேல மெல்லிய அட்டை வில்லை, அப்புறம் அழுத்துற டையால் (அச்சு) அழுத்துங்க. குண்டை வச்சு அழுத்தினா மென்மையான ஈயம் நசுங்கிடும். குண்டு வில்லை மேல தொட்டு நிக்கணும். தோட்டா ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கிற குழாய் மேகசின்கிறதால் கேஸ் வாயை மடிச்சுக் கிரிம்ப் கட்டாயம். தட்டை மூக்கும் கட்டாயம். கூர் மூக்கு முன்னாடி இருக்கிற தோட்டாவோட அடியில் இருக்கிற பிரைமரை (மருந்தைப் பத்தவைக்கிற மூடி) குத்தும்.

வன்னிப் பெடியன் (ஒன்டாரியோ)

அண்ணை, ஒரு சின்ன விசயம். இஞ்ச நவம்பரில குளிர் காத்து நல்லா உலர்ந்து கிடக்கும். கோடையில ரேஞ்சில நல்லாச் சுட்ட அதே தோட்டா, பனிக்காலத்தில மூண்டாவதோட கரி கல்லாகிப் போகும். மெழுகில கொழுப்பைக் கொஞ்சம் கூட்டுங்கோ. சூட்டுக்குச் சூடு இடைவெளி இருந்தா, வெத்துத் துவக்கெண்டு ரெண்டு தரம் பாத்திட்டு, லீவரைத் திறந்து அறைப்பக்கமா ஒரு குழாயால மூச்சை ஊதி விடுங்கோ. அந்த ஈரமே காணும்.

முக்கியமா முதல் சூடு. அலுமாரிக்குள்ள இருந்து எடுத்த துவக்கில எண்ணெய் இருக்கும். எண்ணெய்க் குழலில போற முதல் குண்டு வேற இடத்தில விழும். மானுக்கு அந்த ஒரு குண்டுதானே.

ஏரிக்கரை (க்ளீவ்லேண்ட்)

வன்னித் தம்பி சொன்னதுதான் சரி. ரேஞ்சில் இருபதாவது குண்டு எங்கே போகுதுங்கிறது போட்டிக்காரங்க கவலை. ஓஹாயோவில் அறையும் மேகசினும் சேர்த்து மூணு தோட்டாவுக்கு மேல போடவே கூடாது. மூணு நேரா போனா உங்க வேலை முடிஞ்சது.

.38-55 நேர்ச்சுவர்க் கேஸ் (நடுவில் தோள் மாதிரி குறுகாதது), ஓஹாயோவில் மான் வேட்டைக்குச் செல்லும். ஆனா "கருமருந்துதானே"ன்னு ஜனவரி வாய்க்கெட்டிப்புத் துப்பாக்கி (குழல் வாய்வழியா மருந்து கெட்டிக்கிறது) சீசனுக்கு இதைத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. சட்டத்துக்கு மருந்து முக்கியமில்லை, எந்தப் பக்கமிருந்து கெட்டிக்கிறோம்கிறதுதான். ஆரஞ்சு உடுப்பு கட்டாயம். மான் விழுந்தா செக்-இன் பண்ணணும், அதாவது பதிவு.

தூரம்: 255 கிரெய்ன், நொடிக்கு 1,300 அடி பக்கம். 100 கஜத்துக்குள்ள வச்சுக்குங்க. குறிபார்க்கிற அந்தப் பழைய முனைக்கு அதுவே அதிகம். முன்கால் பின்மடிப்பில், உடம்பின் கீழ் மூணில் ஒரு பங்கு. ரெண்டு நுரையீரலையும் துளைச்சு வெளியே போயிடும், ஆனா சினிமா மாதிரி அங்கேயே விழாது. ஓடும்.

அதைவிட, நீங்க ஒண்ணும் பார்க்க மாட்டீங்க. காத்தில்லாத காலையில் பரண் முன்னாடி வெள்ளைச் சுவர் எழுந்து நிக்கும். சுடுறதுக்கு முன்னாடியே மான் நிக்கிற இடத்தில் ஒரு மரத்தை அடையாளம் வச்சுக்குங்க. சுட்டதும் தோட்டா மாத்திட்டு, ஒரு பக்கமா சாஞ்சு பாருங்க. ஓடுற சத்தத்தைக் காதில் வாங்குங்க.

புதுசா வந்தவன் (டெக்சஸ்)

குறுக்கே கேக்கிறேன், மன்னிக்கணும். நான் எச்-1பி-யில் இருக்கேன். நம்மால் இதெல்லாம் வச்சிருக்க முடியுமா?

ஏரிக்கரை

கிரீன் கார்டு இருந்தா இந்தத் தடை இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவுக்கு ஃபெடரல் சட்டத்தில் தடை இருக்கு. ஆனா செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தா விலக்கு. லைசென்ஸ் காலாவதியானா விலக்கும் போச்சு. 1898 வரைக்கும் செஞ்சது ஃபெடரல் கணக்கில் 'பழம்பொருள்'னு தனியா வரும். ஆனா மாநிலச் சட்டம் வேற, தோட்டாவுக்கான விதி வேற. விசா சமாசாரம், இழையை நம்பாம வக்கீலைக் கேளுங்க.

மணல்மேட்டான்

அப்டேட். சுட்ட கேஸில் 0.380 தானா விழுந்தது, 0.381 நின்னுட்டது. அதனால் 0.380, 20-க்கு ஒண்ணு ஈயம், ஆழமான பள்ளம், தேன்மெழுகு–கொழுப்பு. 2.125 கேஸ், வாய் இளக்கினது. 46 கிரெய்ன் 2எஃப், அட்டை வில்லை, அழுத்தினது.

துளை எல்லாம் வட்டம். 50 கஜத்தில் நடுவில் துடைக்காம சுட்டும் டீ சாசருக்குள் அடங்குது. குழல் வாயில் அந்த ஈர நட்சத்திரமும் வந்தது. எண்ணெயைத் துடைச்ச குழலில் முதல் குண்டு ஓர் அங்குலம் உயரம், அதை மனசில் வச்சுக்கிறேன். லீவர் லேசா போகுது.

கடைசியா ஒண்ணு: பரணில் ஒரே ஒரு குண்டு சுட்டாலும் அன்னைக்கே கழுவணுமா? மானை உரிச்சு முடிக்கவே ராத்திரி ஆகிடும்.

பழைய இரும்பு

அன்னைக்கே. கருமருந்துக் கரி காத்திலிருக்கிற ஈரத்தை இழுக்கும், காலைக்குள்ள பள்ளத்தில் துரு நிக்கும். மான் தொங்கட்டும், குளிரில் அதுக்கு ஒண்ணும் ஆகாது.

பெட்ரோலிய சால்வென்ட் வேண்டாம், தண்ணிதான் இதுக்கு மருந்து. சுட்ட வெறும் கேஸ் ஒண்ணை அறையில் போட்டு மூடுங்க, அழுக்குத் தண்ணி உள் பாகத்துக்குப் போகாது. துப்பாக்கியைத் தலைகீழா சாய்ச்சு வச்சு, வாய்ப்பக்கமிருந்து ஈரத்துணி விடுங்க. ஏழு பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு பாலிஸ்டால் எண்ணெய் கலந்தா போதும், பால் மாதிரி வெள்ளையா ஆகும். துணி சாம்பல் நிறத்துக்கு வந்ததும் உலர்ந்த துணி, அப்புறம் எண்ணெய். போல்ட் முகத்தையும் துடைங்க. குழல் வாயில் கம்பி உரசாம இருக்க ஒரு வழிகாட்டி வளையம் போட்டுக்குங்க.

சுட்ட கேஸ்களை அங்கேயே சோப்புத்தண்ணி பாட்டிலில் போட்டுடுங்க. வீட்டுக்கு வந்து பிரைமரைத் தட்டிட்டுக் கழுவிக்கலாம். வேலையிடத்து சிங்க்கில் வேண்டாம், முட்டை அழுகின நாத்தம் அடிக்கும்.