பிரிட்டன் கோட்டைகள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மழைநேசன்:
நுழைவுச்சீட்டு விலை, திறக்கும் நேரம் எல்லாம் எங்கும் கிடைக்கும். கோட்டைக்குள் நின்றபோது என்ன தோன்றியது, அதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

வட வேல்ஸில் கான்வி. செஸ்டரிலிருந்து வரும் ரயில், இரும்புக் குழாய்ப் பாலத்துக்குள் புகுந்து ஆற்றைத் தாண்டி, கோட்டைச் சுவரை உரசுவதுபோல் போகும். ரயில் நிலையமே நகர மதிலுக்கு உள்ளேதான். எட்டுக் கோபுரங்களும் ஒரே சமயத்தில் கண்ணில் விழும்போது கொஞ்ச நேரம் பேச்சே வராது. முதலாம் எட்வர்ட் 1283-ல் தொடங்கிய வேலை. நாலைந்து வருடத்தில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. சவாய் நாட்டிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் தலைமை. இன்று சாம்பல் நிறம். அன்று முழுக்கச் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக நின்றதாம். பூச்சின் மிச்சம் சில இடங்களில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

கோட்டை எழுந்த இடத்தில் முன்பு ஒரு மடம் இருந்தது. வேல்ஸ் மக்கள் கொண்டாடிய மன்னர் மகா லிவெலினைப் புதைத்த மடம். எட்வர்ட் துறவிகளைக் கிளப்பி உள்நாட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு, அங்கேயே கோட்டையைக் கட்டி, மதிலுக்குள் ஆங்கிலேயர்களைக் குடியேற்றினார். எதிரியின் தலைமாட்டில் வீடு கட்டுவது என்பார்களே, அது.

மதிலில் சுற்றி நடக்கலாம், 1.3 கிலோமீட்டர். ஓரிடத்தில் பன்னிரண்டு கழிப்பறைகள் வரிசையாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தவறவிடாதீர்கள்.

வடமராச்சி அக்கா:
நாங்கள் பிள்ளையளோட கார்னார்வனுக்குப் போனனாங்கள். கான்வி மாதிரி வட்டக் கோபுரம் இல்லை, எல்லாம் பலகோணமாக் கட்டியிருக்கினம். சுவரில ரெண்டு நிறக் கல்லு வரிவரியா ஓடுது. கொன்ஸ்தாந்திநோபிள் மதிலைப் பார்த்துச் செய்த வேலை எண்டு கனபேர் சொல்லினம். என்ர கண்ணுக்கு மற்றக் கோட்டையள் எல்லாத்தையும் விட இதுதான் வடிவு.

எட்வர்ட் ராசாவின்ர மகன் 1284இல இங்கதான் பிறந்தவர். 1969இல சார்ள்சுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டினதும் இந்த முற்றத்திலதான். அண்டைக்குப் போட்ட வட்டமான சிலேட் மேடை இப்பவும் கிடக்கு. என்ர சின்னவன் அதில ஏறி நிண்டு ராசா மாதிரிக் கையைக் காட்டினவன். பக்கத்தில நிண்ட ஒரு வேல்ஸ் கிழவி சிரிச்சுப்போட்டுச் சொன்னா, இந்த விழா எல்லாருக்கும் பிடிச்ச விழா இல்லை எண்டு. விழாவுக்கு முதல் நாள் இரவு அபர்கெலியில குண்டோட போன ரெண்டு வேல்ஸ் பெடியள் அது வெடிச்சுச் செத்தவை. அவ அதைச் சொன்ன விதத்தில, எங்களுக்கு மேலதிக விளக்கம் ஒண்டும் தேவைப்படேல்லை.

உறையூரான்:
அக்கா சொன்னதும் எனக்கு போவிஸ் நினைவு வந்தது. வெல்ஷ்பூல் பக்கத்தில் சிவப்புக் கல் கோட்டை. கீழே அடுக்கடுக்காகத் தோட்டம். தோட்டத்துக்காகப் போனவன்தான் நான். உள்ளே போனால் திப்பு சுல்தானின் கூடாரம்! பூ அச்சிட்ட பருத்தித் துணி, நிறம் இன்னும் மங்கவில்லை. பக்கத்திலேயே அவர் சிம்மாசனத்திலிருந்து கழற்றிய பொற்புலித் தலை ஒன்று, கைக்குள் அடங்கும் அளவு.

எப்படி அங்கே போனது? ஆற்காட்டில் 1751-ல் முற்றுகையைத் தாங்கிப் பேர் வாங்கிய ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ், 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது 1799-ல், அவர் காலத்தில். அவர் மனைவி ஹென்றியெட்டா, போவிஸ் வீட்டுப் பெண். 1800-ல் மகள்களைக் கூட்டிக்கொண்டு மதராஸிலிருந்து பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றியிருக்கிறார். எங்கள் ஊர் வழியாகப் போன பல்லக்கு என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கோட்டை அழகுதான். அந்த அழகைப் பராமரித்த பணத்தில் நம் பக்கத்துப் பணமும் உண்டு.

கல்தச்சன்:
உறையூரான் சார், எல்லாக் கோட்டைக்கும் இந்தக் கணக்குப் பார்த்தால் எதையுமே ரசிக்க முடியாது. சசெக்ஸில் போடியம் போய்ப் பாருங்கள். 1385-ல் டாலிங்ரிக் என்ற வீரர் பிரெஞ்சுக்காரர்களைத் தடுக்க என்று அனுமதி வாங்கிக் கட்டியது. சுற்றிலும் அகலமான அகழி, நடுவே நாலு மூலைக் கோபுரம், தண்ணீரில் தலைகீழ் பிம்பம். சண்டைக்குக் கட்டினாரா, பவிசுக்குக் கட்டினாரா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. என் ஓட்டு பவிசுக்கே.

உறையூரான்:
அந்த போடியத்தை விலைக்கு வாங்கிப் பழுது பார்த்தவர் யார் தெரியுமா? 1905-ல் வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன்! லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் என்ற செங்கல் கோட்டையின் கணப்படுப்புகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, 1911-ல் அந்தக் கோட்டையையும் வாங்கி, கல் கணப்புகளைத் தேடி மீட்டு மறுபடி பதித்தார். அதைக் கேட்டபின் எனக்கு அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

புதுசு:
ஒரு சந்தேகம். சுழல்படி வலப்பக்கமாகச் சுற்றி ஏறுவது, மேலே நிற்கிற காவலாளி வலது கையில் வாள் வீச வசதியாக என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்களே, நிஜமா?

கல்தச்சன்:
ருசியான கதை, ஆதாரம் மெலிவு. 1902-ல் ஒரு கலை விமர்சகர் எழுதியதிலிருந்து பரவியது. எதிர்த்திசையில் சுழலும் படிகளும் பல கோட்டைகளில் உண்டு. எதிரி படிக்கட்டு வரை வந்துவிட்டால் கோட்டை போன மாதிரிதானே!

நிஜமாகக் கோட்டை எப்படி விழும் என்று பார்க்க டார்செட்டில் கோர்ஃப் போங்கள். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் மேரி பேங்க்ஸ் என்ற அம்மையார் மன்னர் பக்கம் நின்று காத்தார். 1646-ல் உள்ளேயிருந்த ஆளே காட்டிக்கொடுத்துத்தான் பிடிபட்டது. பிறகு நாடாளுமன்ற ஆணைப்படி வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். அடியில் குடைந்து வெடித்ததால் கோபுரங்கள் இன்றும் சாய்ந்தபடி நிற்கின்றன. கற்களைக் கிராமத்தார் அள்ளிப்போய் வீடு கட்டிக்கொண்டார்கள்.

புதுசு:
நன்றி அண்ணா. அம்மாவைக் கூட்டிப் போகிறேன், முட்டிவலி. எது தோது?

மழைநேசன்:
ஹார்லெக் வேண்டாம். கடல் பக்கத்திலிருந்து மட்டும் 108 படி, அந்தக் கடலும் இப்போது எங்கோ விலகிப் போய்விட்டது. ஆங்கிள்சியில் பியூமாரிஸ் போங்கள், சமதரை. 1295-ல் தொடங்கி, ஸ்காட்லாந்துப் போருக்குப் பணம் திரும்பியதால் பாதியில் நின்றது. மதிலுக்குள் மதிலாக, நாலு பக்கமும் ஒன்றுபோல் போட்ட திட்டம்; கோபுரங்கள்தான் உயரவே இல்லை. அகழியும் சுற்றிப் புல்வெளியும் இருக்கும். அம்மா மதில் மேல் ஏறாமலே முக்கால்வாசி பார்த்துவிடலாம். மழைச்சட்டை மட்டும் மறக்காதீர்கள், அங்கே காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும்.