பேசத் தயங்கும் பிள்ளைகளைப் பேசவைக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டில் தங்கி, ஒரு கிராமப் பள்ளியில் தன்னார்வலராக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கி 4 மாதங்கள் ஆகின்றன. ஒரே வகுப்பில் 60 பிள்ளைகள். நான் சொல்வதைச் சேர்ந்து கணீரென்று திருப்பிச் சொல்பவர்கள், தனியாக எழுப்பிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நேற்று ஒரு சிறுமி சரியான விடையை எழுதி வைத்திருந்தும், நான் அருகில் போனதும் உள்ளங்கையால் நோட்டை மூடிக்கொண்டாள். தவறிவிடுவோமோ என்ற அச்சமா, என் உச்சரிப்பு பிடிபடவில்லையா என்று புரியவில்லை. அவர்கள் மொழியில் எனக்கோ நலம் விசாரிப்பதற்கு மேல் பேச வராது. இருவர் இருவராகப் பேசவிட்ட நாளில் மட்டும் வகுப்பு களைகட்டியது; ஆனால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தத்தால் சிரமப்பட்டார், அவர் மனம் நோக நடக்க எனக்கு விருப்பமில்லை. இத்தகைய பெரிய வகுப்புகளை நடத்தியவர்கள், சத்தம் கட்டுக்குள் இருக்கும்படி பிள்ளைகளைப் பேசவைத்த முறைகளை அருள்கூர்ந்து விரிவாக எழுதுங்கள்.