சென்னையில் இறங்கும் விமானங்கள் அந்தரத்தில் மிதக்கின்றன, உதவுங்கள்

காட்பாடி வீட்டுக் கணினியில் எக்ஸ்-பிளேன் 12 என்ற விமான சிமுலேட்டரை ஓட்டுகிறேன். ஐ5, 16 ஜிபி ராம். நிஜ விமானங்களை நேரலையாகத் திரையில் காட்ட ஓர் இலவச பிளகின் (துணை மென்பொருள்). மொட்டைமாடியில் பார்த்த விமானம், நான் கீழே வந்து பார்த்தால் திரையிலும் போகிறது, அதில் குறையில்லை.

சிக்கல் மீனம்பாக்கத்தில். மூன்று வாரமாக, இறங்கும் ஏ320 விமானம் ஓடுபாதைக்கு மேல் 250 அடி வாக்கில் மிதந்துவிட்டு, தொப்பென்று விழுகிறது. பார்க்கச் சிரிப்புதான்!

பிளகினை அழித்து மறுபடி போட்டேன். சிமுலேட்டர் வானிலையில் காற்றழுத்தத்தை 1013 ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்றினேன். ம்ஹூம். நேற்று சென்னையில் அழுத்தம் 1004 ஹெக்டோபாஸ்கல். ஏடிஎஸ்-பி (விமானம் தானே ஒலிபரப்பும் தகவல்) தரும் உயரமோ 1013.25ஐ வைத்துக் கணக்கிடப்படுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி என்றால், அந்த 250 அடி கணக்கு சரியாக வருகிறது.

அப்படியானால், உள்ளூர் அழுத்தத்துக்கான திருத்தத்தை எங்கே கொடுப்பது: பிளகினிலா, சிமுலேட்டரிலா?