ஃபிரீட்ரிஷ் ஆட்லர், 1916: போரை எதிர்த்த பத்திரிகை ஆசிரியர் பிரதமரைச் சுட்டது ஏன், தூக்குக்குத் தப்பியது எப்படி?

நெய்தல்நிலவன் (கேள்வி)

முதல் உலகப்போர் கால ஆஸ்திரியாவைப் பற்றி எதைப் படித்தாலும் ஆட்லர் ஒரே வரியில் வந்து போய்விடுகிறார்: "சோஷலிஸ்ட் பத்திரிகையாளர், பிரதமர் ஸ்ட்யூர்க்கைச் சுட்டுக் கொன்றார்." மூன்று இடத்தில் இடிக்கிறது. கையில் பத்திரிகை இருந்தவர், கொலைக்களமாகிவிட்ட போரை எதிர்த்தவர், ஏன் துப்பாக்கி எடுத்தார்? கையும் களவுமாகப் பிடிபட்டவரைப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் ஏன் மன்னித்தார்? அந்தக் கொலையால்தான் நாடாளுமன்றம் மறுபடி திறந்தது என்கிறார்களே, சரியா?

பழந்தாள்

முதல் கேள்விக்கு விடை 14ஆம் பிரிவு. 1867 அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு: நாடாளுமன்றம் கூடாத நாட்களில் அமைச்சரவையே அவசர ஆணை போடலாம். நம்மூர் அவசரச் சட்டம் மாதிரி. கடிவாளமும் உண்டு. அடுத்து நாடாளுமன்றம் கூடிய 4 வாரத்துக்குள் ஆணையை அவையில் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் காலாவதி. ஓட்டை தெரிகிறதா? கூட்டினால்தானே 4 வாரம் ஓட ஆரம்பிக்கும்! ஸ்ட்யூர்க் 1914 மார்ச்சில் அவையை ஒத்திவைத்தார், பிறகு கூட்டவே இல்லை. ஜூலையில் வந்த போருக்கு அங்கே ஒரு விவாதம்கூட நடக்கவில்லை. கட்டடம் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனையாகிவிட்டது.

சரி, எழுதலாமே என்றால் தணிக்கை. அச்சுப்படி முதலில் தணிக்கையாளர் மேசைக்குப் போகும். அவர் அடித்த வரிகளுக்குப் பதில் வேறு மேட்டர் கோக்க நேரம் இருக்காது. கோத்த அச்செழுத்தைப் பிடுங்கிவிட்டு, இடத்தைக் காலியாக விட்டு அப்படியே ஓட்டுவார்கள். அந்தக் கால வியன்னா நாளிதழ்களைப் புரட்டினால் பத்திக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள். சில நாள் செய்தியைவிட அந்தத் திட்டுதான் அதிகம் பேசுகிறது.

ஆட்லர் ஆசிரியராக இருந்தது 'டெர் காம்ப்ஃப்' என்ற மாத இதழுக்கு. சமூக ஜனநாயகக் கட்சியின் செயலாளர்களில் ஒருவரும்கூட. கட்சியை நிறுவியவர் அவர் அப்பா விக்டர் ஆட்லர். அந்தத் தலைமையே போருக்கு ஒத்துப்போனது. மகன் உள்ளேயே சிறுபான்மை. அவை, அச்சு, கட்சி என்று மூன்று வாசலும் அடைத்தபின் மிச்சம் இருந்தது பொதுக்கூட்டம். நாடாளுமன்றத்தைக் கூட்டச் சொல்லி 1916 அக்டோபரில் ஏற்பாடான கூட்டத்துக்கும் தடை வந்தது.

சட்டப்புள்ளி

இரண்டாம் கேள்வியில் ஆள் மாறிவிட்டது, நண்பரே. சுட்டது 1916 அக்டோபர் 21, சனிக்கிழமை. ஃபிரான்ஸ் யோசஃப் சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 21 அன்று இறந்துவிட்டார். வழக்கு நடந்தது அடுத்த பேரரசர் கார்ல் காலத்தில்.

இடம் வியன்னாவின் நொயர் மார்க்ட் சதுக்கத்தில் 'மைஸ்ல் உண்ட் ஷாடன்' ஓட்டல். வேகவைத்த மாட்டிறைச்சிக்கு ஊரே அறிந்த இடம். ஸ்ட்யூர்க் வழக்கமாக மதியம் சாப்பிட வருவது அங்கேதான். ஆட்லர் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, நேரம் பார்த்து எழுந்து போய்த் தலையில் சுட்டார். "எதேச்சாதிகாரம் ஒழிக, எங்களுக்கு அமைதி வேண்டும்" என்று கத்தினார். தப்பி ஓடும் திட்டமே அவருக்கு இல்லை. வழக்கைப் புரிந்துகொள்ள இதை விட்டுவிடக் கூடாது.

போர்க்காலத்தில் ஜூரி முறையை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆகவே தொழில்முறை நீதிபதிகள் மட்டுமே உட்கார்ந்த சிறப்பு நீதிமன்றம். 1917 மே 18, 19, இரண்டே நாள். கொன்றதை அவர் மறுக்கவில்லை. அரசே அரசியல் சட்டத்தை உடைத்துவிட்டால் குடிமகனுக்கு வன்முறையைத் தவிர வேறு வழி உண்டா என்பதே அவர் வாதம். 1852 தண்டனைச் சட்டத்தில் கொலைக்கு விதித்தது மரணம்தான். தீர்ப்பும் அதேதான். பின்னர் கார்லின் கருணையில் 18 ஆண்டுச் சிறையானது.

ஒன்று கவனியுங்கள். போர் தொடங்கியதிலிருந்து எந்தத் தாளிலும் அச்சேறாத பேச்சு, நீதிமன்றச் செய்தி என்ற பெயரில் பத்திரிகைகளில் வந்தது. தணிக்கையாளர் மேசையைத் தாண்ட அந்த ஆசிரியருக்குக் கிடைத்த ஒரே வழி குற்றவாளிக் கூண்டு. செய்தது கொலைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அலைத்துகள்

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு: பைத்தியப் பட்டம். வக்கீல் குஸ்டாவ் ஹார்ப்னரும் அப்பாவும் அவரைக் காப்பாற்ற எடுத்த வழி அது. குடும்பத்தில் மனநோய் உண்டு என்று விக்டர் ஆட்லரே சாட்சி சொன்னார். மகனுக்கு அதில் கடுங்கோபம். பைத்தியம் என்று தீர்ந்தால் உயிர் தப்பும், ஆனால் சொன்ன அத்தனையும் உளறலாகிவிடுமே. மருத்துவ நிபுணர்கள் தெளிவான புத்தி என்றே எழுதிக்கொடுத்தார்கள்.

ஆட்லர் படிப்பால் இயற்பியலாளர். சூரிச்சில் ஐன்ஸ்டைன் குடியிருந்த அதே வீட்டில் குடியிருந்தவர். 1909இல் அங்கே பேராசிரியர் பதவிக்குத் தன்னைவிட ஐன்ஸ்டைனே தகுதி என்று விலகிக்கொண்டவர். 1917இல் நற்சாட்சி சொல்ல வருகிறேன் என்று ஐன்ஸ்டைன் எழுதினார். ஆட்லரோ சிறையில் உட்கார்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டில் பிழை கண்டுபிடித்ததாக எழுதிக்கொண்டிருந்தார்! அந்தக் கையெழுத்துப் படி நிபுணர்களிடம் போனபோது வந்த தர்மசங்கடத்தை இயற்பியலாளர் ஃபிலிப் ஃபிராங்க் பதிவு செய்திருக்கிறார்: வாதம் தப்புதான், ஆனால் தப்பான இயற்பியல் எழுதியவரெல்லாம் பைத்தியமா?

நெய்தல்நிலவன்

பேரரசர் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி சார். மூன்றாவது கேள்வி நிற்கிறது. 18 ஆண்டும் உள்ளே இருந்தாரா?

பழந்தாள்

இல்லை. 1918 நவம்பரில், பேரரசு உடைந்துகொண்டிருந்த நாட்களில், பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்.

நாடாளுமன்றம் கூடியது 1917 மே 30, தீர்ப்பு வந்து 11 நாள் கழித்து. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்கள் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஸ்ட்யூர்க்குக்கு அடுத்து வந்த கோர்பர் அவையைக் கூட்டாமலேயே டிசம்பரில் பதவி விலகினார். கூட்டியது அவருக்கும் அடுத்த கிளாம்-மார்ட்டினிட்ஸ். நடுவே மார்ச்சில் ரஷ்யாவில் ஜார் கவிழ்ந்திருந்தார், வியன்னாவில் ரொட்டிக்கு வரிசை, புதுப் பேரரசருக்குப் பயம். குண்டு பூட்டை ஆட்டியது என்று வேண்டுமானால் சொல்லுங்கள், திறந்தது என்று சொல்லாதீர்கள்.

வெளியே வந்தவரைப் புதிதாக முளைத்த கம்யூனிஸ்ட் கட்சி தலைவராகக் கூப்பிட்டது. மறுத்துவிட்டார். தொழிலாளர் மன்றங்களில் இருந்துகொண்டு ஆஸ்திரியாவில் சோவியத் ஆட்சிக்கு முட்டுக்கட்டை போட்டதும் அவர்தான். 1960 ஜனவரியில் சூரிச்சில் இறந்தார்.