அரிக்கமேடு செங்கல் சுவர் படத்தில் வெளுப்பும் கருப்பும் திட்டுத்திட்டாக வருகிறது, உதவுங்கள்

முத்தியால்பேட்டையான்:
வணக்கம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் மரங்களுக்கு நடுவே நிற்கிற பழைய செங்கல் சுவர்களைப் படம் எடுக்க ஆசைப்படுகிறேன். கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். காலை பதினோரு மணி வாக்கில் போனால், இலை இடுக்கில் விழும் வெயில் செங்கல்மேல் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்துவிடுகிறது, மற்ற இடமெல்லாம் கரி. கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் சுவர் பின்பக்கம் சாய்கிறது. அப்புறம், கேமராவைப் பையிலிருந்து எடுத்ததும் முதல் சில படங்கள் புகை மூட்டமாக இருக்கின்றன. 'ரோமானியர் கட்டடம்' என்று தலைப்புப் போட்டுப் பகிர நினைக்கிறேன்.

தேவனாம்பட்டினத்தார்:
தம்பி, பதினோரு மணி வெயிலை எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. வெயில் பட்ட செங்கலுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் சென்சாரால் ஒரே படத்தில் பிடிக்க முடியாது. வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கலாம் என்பார்கள். ஆற்றங்கரைக் காற்றில் இலை ஆடிக்கொண்டே இருக்கும், சேர்க்கும்போது இலையெல்லாம் இரட்டையாகத் தெரியும்.

மேகம் மூடிய நாளில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட காலை என்றால் இன்னும் நல்லது. ஈரச் செங்கலின் சிவப்பும், இடையிலுள்ள காரையும், சுவரைப் பிளந்து இறங்கும் வேரும் தனித்தனியாகத் தெரியும். வானம் வெறும் வெள்ளையாக இருக்கும், அதனால் மேலே இலைகளை வைத்து மறைத்துவிடுங்கள். RAW கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், ஹிஸ்டோகிராம் (திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்வுக்குக் காரணம் லென்ஸ் இல்லை, கேமராவை அண்ணாந்து பிடிப்பதுதான். பின்னால் நகர்ந்து லென்ஸை 35 மி.மீ. பக்கம் வைத்து, கேமராவைச் சுவருக்கு நேராகப் பிடியுங்கள். கீழே தரை அதிகம் வந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். ட்ரைபாட் கொண்டுபோவதானால் காவலரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், தொல்லியல் துறை இடங்களில் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

கேமரா ஏசி அறையில் இருந்ததா? குளிர்ந்த கண்ணாடியில் நம் கடற்கரை ஈரக்காற்று பட்டால் நீர் படியும். துடைக்காதீர்கள். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

வீராம்பட்டினம்:
தலைப்பை மட்டும் மாற்றுங்கள், சகோதரா. நீங்கள் எடுக்கும் சுவர்கள் 18ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ மிஷன் கட்டடத்தின் மிச்சம். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி எடுத்த ரோமானிய ஆம்போரா (இரு கைப்பிடி ஜாடி) ஓடுகளும் அரிட்டைன் (இத்தாலியச் சிவப்பு மட்பாண்ட) ஓடுகளும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ரோம் வணிகம் நடந்த ஊர் என்பது உண்மை, ஆனால் இந்தச் சுவருக்கு அந்த வயது இல்லை. தவறான தலைப்பு ஒருமுறை பரவினால் திரும்பப் பிடிக்க முடியாது.

முத்தியால்பேட்டையான்:
நன்றி அண்ணா, நன்றி சகோதரா. தலைப்பை மாற்றிவிட்டேன். மேகமூட்டத்தில் எடுத்தேன், வெளுப்புத் திட்டு போய்விட்டது, சுவரும் நேராக நிற்கிறது. ஆனால் செங்கலில் லேசாகப் பச்சை ஏறியிருக்கிறதே?

தேவனாம்பட்டினத்தார்:
மேலே இருக்கிற இலை வழியாக வரும் ஒளிதான் அது. RAW-இல் எடுத்திருந்தால், திருத்தும் மென்பொருளில் டின்ட்டை (பச்சை-மெஜந்தா நிறச் சாயலை மாற்றும் அமைப்பு) கொஞ்சம் மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். அடுத்தமுறை சாம்பல் நிற அட்டை ஒன்றைச் சுவரோரம் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து மற்றவற்றின் நிறத்தைச் சரிசெய்யலாம். முழுப் பச்சையையும் எடுத்துவிட வேண்டாம் தம்பி, தோப்பு நிழலில் அந்தச் சுவர் கொஞ்சம் பச்சையாகத்தான் தெரியும்.