அவசரம்: அப்பாவின் லெப்டோப் நீலமாகி லாக் ஆகிவிட்டது

பிறைவாசி: வணக்கம். அப்பாவின் லெப்டோப் திரை திடீரென்று நீலமாகிவிட்டது. சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. மௌஸ் நகர்கிறது, ஆனால் எதையும் மூட முடியவில்லை. இன்று சனிக்கிழமை, கடைக்காரர் சீக்கிரம் மூடிவிடுவார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் தம்பி: நீலத் திரை என்றால் பெரும்பாலும் ரேம்தான் அண்ணே, அதாவது நினைவகம். பின்மூடியைக் கழற்றி, ரேமை எடுத்து, அந்தத் தங்க நிறப் பக்கத்தை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். என் பழைய லெப்டோப் அப்படித்தான் பிழைத்தது.

லோயாட் பழசு: மௌஸ் நகர்கிறது, சத்தம் வருகிறது என்கிறார். இதில் ரேம் எங்கே வந்தது? விண்டோஸ் 10ஆ, 11ஆ? திரையில் என்ன எழுதியிருக்கிறது? போட்டோ எங்கே? விவரம் போடாமல் கேட்டால் நாங்கள் என்ன, ஜோசியமா பார்ப்பது? வருடக்கணக்காக இதையே சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

டீச்சரம்மா: அவர் பதற்றத்தில் இருக்கிறார், விடுங்கள். தம்பி, திரையில் போன் எண் ஏதாவது இருக்கிறதா?

பிறைவாசி: இருக்கிறது. கணினி முடக்கப்பட்டது, மைக்ரோசாப்ட் உதவிக்கு உடனே அழைக்கவும் என்று போட்டு, 03ல் தொடங்கும் ஓர் எண். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. விண்டோஸ் 10.

டீச்சரம்மா: அப்படியானால் லெப்டோப்பில் கோளாறே இல்லை. பிரவுசரில் திறந்த ஒரு பக்கம் முழுத் திரைக்கும் விரிந்து நிற்கிறது, அவ்வளவுதான். மைக்ரோசாப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்காது. எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முக்கியமான கேள்வி: அந்த எண்ணுக்கு யாராவது கூப்பிட்டீர்களா?

பெங்குவின் பக்தன்: விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

லோயாட் பழசு: விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. இன்னும் அதையே ஓட்டினால் இப்படித்தான். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாகிரை வைரஸ் மறந்துவிட்டதா? மார்ச்சிலேயே திருத்தம் வந்தது, போடாதவர்கள் மே மாதம் அழுதார்கள்.

கணக்குப்பிள்ளை: வன்னாகிரை வேறு, இது வேறு பாஸ். அது யாரும் எதையும் தொடாமலே வலையமைப்பு வழியாகப் பரவியது. இது வெறும் இணையப் பக்கம். விண்டோஸ் 11இலும் இதே நீலம்தான் வரும், லினக்ஸிலும் பிரவுசர் பிரவுசர்தானே? அப்டேட் போட வேண்டியதுதான், ஆனால் இதை அது தடுக்காது.

பெங்குவின் பக்தன்: லினக்ஸில் விண்டோஸ் எச்சரிக்கை வந்தால் சிரித்துவிட்டு மூடிவிடுவோம் லா. அதுவே பாதுகாப்பு.

லோயாட் பழசு: உங்கள் அப்பாவுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

டீச்சரம்மா: பிறைவாசி, கூப்பிட்டீர்களா இல்லையா?

பிறைவாசி: எஸ்கேப் வேலை செய்தது, நன்றி. அப்பாவிடம் இப்போதுதான் கேட்டேன். பழைய படம் பார்க்க ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கிறார், இது காலையிலேயே வந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறார். 03 என்றதும் கோலாலம்பூர் அலுவலகம் என்று நம்பிவிட்டார். அவன் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அங்கிருந்தே மௌஸை நகர்த்திச் சுத்தம் செய்தானாம். வங்கிப் பக்கத்தையும் திறக்கச் சொன்னானாம். டேக் எண், அதாவது வங்கி கைப்பேசிக்கு அனுப்பும் ஒருமுறை எண், வந்ததா என்றால் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்.

டீச்சரம்மா: பதில் சொல்லவில்லை என்றால் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வைஃபையை நிறுத்துங்கள். அந்தச் செயலி இருக்கும்வரை அவன் திரும்ப வரலாம். அந்த லெப்டோப்பில் வங்கிப் பக்கத்தைத் திறக்காதீர்கள். உங்கள் கைப்பேசியிலிருந்து வங்கியின் அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எண்ணைக் கார்டின் பின்னால் பாருங்கள், இணையத்தில் தேடாதீர்கள். கூடவே 997, அது மோசடிப் புகாருக்கான தேசிய எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும், அதனால் இப்போதே. பிறகு பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போய் ரிப்போர்ட்.

கணக்குப்பிள்ளை: மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள், வங்கிக் கடவுச்சொல்லை மீட்கும் வழி அதுவாகவும் இருக்கலாம். பணம் போன கணக்கு எண் கிடைத்தால் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஏற்கெனவே புகார் வந்திருந்தால் காட்டும்.

ஜெலுத்தோங் தம்பி: அப்போ ரேம் இல்லையா?

லோயாட் பழசு: முதல் பதிவிலேயே கூப்பிட்டதைச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

டீச்சரம்மா: முதலில் அவருக்கே தெரியாதே ஐயா. அப்பா இப்போதுதானே வாய் திறந்தார்.

பிறைவாசி: 1,800 வெள்ளி போயிருக்கிறது. மீதியை வங்கி முடக்கிவிட்டது. 997க்கும் சொல்லியாச்சு. அப்பாவோடு பாலாய்க்குக் கிளம்புகிறேன்.

டீச்சரம்மா: ரிப்போர்ட் நகலை வங்கிக்கும் அனுப்புங்கள். லெப்டோப்பை ஃபார்மட் செய்யும்வரை வைஃபை பக்கம் விடாதீர்கள். அப்பாவின் கைப்பேசியிலும் ஏதாவது இறக்கச் சொன்னானா? கேட்டீர்களா?

டீச்சரம்மா: பிறைவாசி?